ராமநாதபுரம் கடலில் தூண்டில் போட: காற்று பார்ப்பதிலிருந்து ரீல் கழுவுவது வரை

தூண்டில் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் ராடும் ரீலும் வாங்குகிறார்கள். அப்புறம் படகு தேடுகிறார்கள். எந்தக் கரைக்கு எப்போது போவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. நம் கடலுக்கு இந்த வரிசை தலைகீழ். காற்று, கரை, மீன், இரை, சாமான், படகு என்றுதான் போக வேண்டும். காற்றைப் பார்த்தால்தான் கரை தெரியும், கரை தெரிந்தால்தான் மீன் தெரியும், மீன் தெரியாமல் ராடு வாங்கினால் அது பரணில்தான் கிடக்கும்.

இது பொழுதுபோக்குக்காகக் கரையிலிருந்தும், அப்புறம் சிறு படகிலிருந்தும் தூண்டில் போடுகிறவர்களுக்கானது. வலைத் தொழில் இதில் வராது.

1. எந்தக் கடல் என்று காற்றிடம் கேளுங்கள்

நமக்கு இரண்டு கடல். வடக்கே தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம் வடகரை என்று பாக் நீரிணை. தெற்கே வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் தென்கரை என்று மன்னார் வளைகுடா. ராமேசுவரத்தில் முதலாவதைப் பெண்கடல், இரண்டாவதை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் ஆழமில்லாதது, வெகுதூரம் போனாலும் ஆழம் பத்து மீட்டரை ஒட்டியே இருக்கும். ஆண்கடலில் அலையும் உண்டு, ஆழமும் சீக்கிரம் வரும்.

வைகாசி வாக்கில் தொடங்கிப் புரட்டாசி வரை அடிக்கும் கச்சான் (தென்மேற்குக்) காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கரையோரம் தணிந்திருக்கும். ஐப்பசி முதல் தை வரை வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும்போது இது மாறும்: வடகடல் கலங்கிச் சேறாகும், தென்கரையில் தூண்டில் போடலாம். மாசி, பங்குனியில் காற்று குறைவு. இரண்டு பக்கமும் போகலாம். கற்றுக்கொள்ள ஏற்ற மாதங்கள் இவைதான்.

புதியவர்கள் தவறிப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. கச்சான் காலத்தில் வடகரையில் நின்றால் கடல் குளம்போலத் தெரியும். காற்று நம் முதுகுக்குப் பின்னால், நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. அதனால்தான் அலை இல்லை. ஆனால் ரப்பர் படகிலோ தெர்மோகோல் தெப்பத்திலோ ஏறினால் அதே காற்று உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். துடுப்புப் போட்டுத் திரும்பி வர முடியாது. காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் நாளில் கரையில் நின்று தூண்டில் போடுங்கள், மிதக்கும் எதிலும் ஏறாதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். அலை உயரமும் காற்றின் வேகமும் மாவட்ட வாரியாக இருக்கும். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் பாறை முனைகளுக்குப் போக வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் தொலைவிலிருந்து வரும் பேரலை அது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

2. ஏற்றம், வற்றம்

இங்கே நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வடகரை தட்டையானது என்பதால் அந்தச் சிறிய இறக்கத்துக்கே தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். கணுக்கால் ஆழத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பீர்கள். நீர் ஏறத் தொடங்கும்போது போய், ஏறி முடியும்வரை இருங்கள். ஏறும் நீரோடுதான் மீனும் இரை தேடிக் கரைக்கு வரும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீவாடு (நீரோட்டம்) வேகமாக இருக்கும். பாம்பன் கால்வாயிலும் தனுஷ்கோடி அரிச்சல்முனையிலும் இது மிகக் கடுமை. அங்கே 80 கிராம் ஈயக் குண்டும் தரையில் நிற்காமல் உருண்டு போகும். ஆள் இறங்கினாலும் அதே கதிதான். அரிச்சல்முனையில் முழங்கால் நீருக்கு மேல் இறங்கவே வேண்டாம்.

3. போகக்கூடாத இடங்களை வரைபடத்தில் குறியுங்கள்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர். குருசடை, முயல் தீவு, அப்பா தீவு, வாலை, தலையாரி எல்லாம் இதில் அடக்கம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக்கூடாது. தீவோரப் பவளப்பாரில் தூண்டில் போடுவதும் கூடாது. "சும்மா தீவோரம் ஒரு ரவுண்டு" என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்து தூண்டில் நரம்பு விடும் ஆசையும் வேண்டாம். மேலே வண்டி, கீழே படகு. தனுஷ்கோடிக்குப் போனால் வண்டியை மாலையில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால் ராத் தூண்டில் திட்டம் அங்கே செல்லாது.

சட்டத்தில் இல்லாத தடைகளும் உண்டு. கரைவலை இழுக்கிற இடத்தின் முன்னால் எறியாதீர்கள். வலையில் உங்கள் தூண்டில் முள் ஏறினால் அதை இழுக்கிறவர் கையில்தான் ஏறும். வடகரையோரம் மூங்கில் சட்டம் கட்டிப் பாசி வளர்ப்பார்கள். அந்த மிதப்புகளுக்கு அடியில் மீன் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அது ஒரு குடும்பத்தின் பயிர். தள்ளி நில்லுங்கள். புதிய ஊருக்குப் போனால் கரையில் வலை பழுது பார்க்கிற பெரியவரிடம் "இங்க தூண்டி போடலாமாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே பார் (கடலடிக் கல்திட்டு) இருக்கிறது, எங்கே சேறு என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

4. முதல் மீன் கிழங்கானாக இருக்கட்டும்

படம் பார்த்துவிட்டு வருகிற எல்லோருக்கும் பெரிய பாறை மீன்தான் வேண்டும். கிழங்கானில் தொடங்கச் சொன்னால் முகம் சுருங்கும். ஆனால் கிழங்கான் கரையோர மணலில் மேய்கிறது, ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது, கடி கூர்மையாகத் தெரிகிறது. கடி என்றால் என்ன, அலை ஆட்டுவது என்றால் என்ன என்று கைக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட ஏற்ற மீன் இல்லை. அரியமான் கடற்கரையும் உச்சிப்புளிப் பக்கத்து மணற்கரைகளும் இதற்குப் பொருத்தம்.

அது கைக்கு வந்தபின் அடுத்தடுத்து: தாழை (கடற்புல்) படர்ந்த இடங்களில் ஓரா, பாரை ஒட்டி விளமீன், கல் இடுக்கில் கலவா, மேல்நீரில் முரலும் ஊளியும், அலை உடைகிற முனைகளில் பாறை மீன். கழிமுகங்களில் கொடுவா உண்டு. அதற்குப் பொறுமை வேண்டும்.

5. சாமான்: இரண்டு செட் போதும்

கரைக்கு ஒன்று: 9 அல்லது 10 அடி ராடு, 4000 அல்லது 5000 அளவு ஸ்பின்னிங் ரீல். நீளம் எதற்கு என்றால், அலை உடைகிற வரிக்கு மேலே நரம்பைத் தூக்கி வைக்கத்தான். குட்டை ராடில் நரம்பு அலையில் படுத்து, ஒவ்வொரு அலையும் கடி மாதிரித் தெரியும்.

படகுக்கு ஒன்று: 6 முதல் 7 அடி ராடு. படகில் நீளம் இடைஞ்சல். பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு ஆபத்து. ரீல் அதே ரீல் போதும்.

கடையில் சொல்லும் "காம்போ செட்" பெரும்பாலும் குளத்து மீனுக்கானது. ராடின் வளையங்களைப் பாருங்கள். உள்ளே பீங்கான் வளையம் இல்லாத வெறும் இரும்பு வளையம் உப்பில் துருவேறி, பிரெய்டு (பல இழை சேர்த்துப் பின்னிய) நரம்பை அறுத்துவிடும். காசு குறைவு என்றால் ராடில் குறையுங்கள், ரீலில் குறைக்காதீர்கள்.

கூடவே எடுக்க வேண்டியவை: மூக்கு பிளேயர், கத்தி, பழைய பருத்தித் துண்டு, தலை விளக்கு, தொப்பி, இரண்டு லிட்டர் குடிநீர். தடித்த அடியுள்ள செருப்போ ஷூவோ கட்டாயம். திருக்கை முள்ளும் சிப்பி ஓடும் ரப்பர் செருப்பைத் துளைக்கும்.

6. ரீலில் நரம்பு ஏற்றுவது

பிரெய்டு 20 முதல் 30 பவுண்டு. அதை நேரடியாக ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) கட்டினால், வழுவழுப்பான உலோகத்தின் மேல் முழுச் சுருளும் வழுக்கிச் சுற்றும். மீன் இழுக்கும்போது டிராக் (இழுப்புக்கு ஏற்ப நரம்பை விடும் ரீலின் பிடிப்பு) கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் சுற்றுவது நரம்பு. முதலில் சில மீட்டர் சாதா தங்கூசை (ஒற்றை இழை நைலான் நரம்பு) சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள்.

ஏற்றும்போது ஈரத் துணியால் நரம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். தளர்வாக ஏறிய பிரெய்டு, பின்னால் இழுபடும்போது தனக்குள்ளேயே புதைந்து, அடுத்த எறிதலில் கொத்தாக வெளியே வரும். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். நிறைய ஏற்றினால் சிக்கு, குறைவாக ஏற்றினால் தூரம் போகாது.

பிரெய்டின் முனையில் ஒன்றரை மீட்டர் அளவுக்குத் தடித்த தங்கூஸ் லீடர் வையுங்கள். பிரெய்டு இழுவையைத் தாங்கும், உரசலைத் தாங்காது. சிப்பி ஒட்டிய ஒரு கல்லில் ஒருமுறை தொட்டால் போதும், அறுந்துவிடும்.

7. முடிச்சு, முள், ஈயம்

முடிச்சு ஒன்றே ஒன்று கற்றுக்கொள்ளுங்கள்: யூனி. நரம்பை முள்ளின் காதில் நுழைத்துத் திரும்ப மடித்து, ஒரு வளையம் விட்டு, அந்த வளையத்துக்குள்ளேயே ஐந்து ஆறு சுற்றுச் சுற்றி இழுப்பது. இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்த தங்கூஸ் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே வலுவிழக்கும். மீன் அறுத்துக்கொண்டு போனபின் நரம்பு முனையைப் பாருங்கள். பன்றி வால் மாதிரிச் சுருண்டிருந்தால் அது அறுந்ததல்ல, முடிச்சு நழுவியது.

கிழங்கானுக்கு 6 அல்லது 8-ம் நம்பர் முள். நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும். விளமீனுக்கு 1/0, 2/0. கலவாவுக்கு 4/0-வும் அதற்கு மேலும். இந்த சைபர் போட்ட நம்பர்களில் கணக்கு மாறும், ஏற ஏற முள் பெரிதாகும். கடையில் குழம்புவது இங்கேதான்.

மணலில் ஈயம் ஓடட்டும்: நரம்பை ஈயத்தின் துளையில் விட்டு, கீழே சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்), அதன் கீழே லீடர், முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது.

பாரில் இதே கட்டு போட்டால் சாமான் எல்லாம் போகும். அங்கே ஈயத்தை லீடரைவிட மெல்லிய ஒரு துண்டு நரம்பில் தனியாகத் தொங்கவிடுங்கள். கல்லில் சிக்கினால் அந்தத் துண்டு அறுந்து ஈயம் மட்டும் போகும். மீனும் முள்ளும் கைக்கு வரும். ஈயத்துக்குப் பதில் பழைய நட்டு, போல்ட்டு கட்டுவதும் உண்டு, தவறில்லை.

தாழை படர்ந்த இடத்தில் ஈயமே வேண்டாம். மிதப்பு கட்டி, இரை தாழைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி விடுங்கள். ஊளிக்குப் போகும் நாளில் மட்டும் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் வயர். அதன் பல் தங்கூசைக் கத்தரித்துவிடும்.

8. இரை

இறால், கணவாய், சூடை மீன். இந்த மூன்றும் போதும்.

இறாலை முழுதாகக் குத்தாதீர்கள். தலையைக் கிள்ளி எறிந்து, ஓட்டை உரித்து, கிழங்கானுக்கு என்றால் சுண்டுவிரல் நக அளவுக்குத் துண்டு போடுங்கள். வால் பக்கத் துண்டு கெட்டி. முள்ளை அதன் நடுவில் விட்டு, வளைவைச் சுற்றி ஓட்டி, முனை மட்டும் லேசாக வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். இரை முள்ளின் கீழே தொங்கினால் கிழங்கான் தொங்குகிற பகுதியை மட்டும் கடித்துக்கொண்டு போகும். நீங்கள் வெறும் முள்ளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருப்பீர்கள்.

கணவாய்த் துண்டு அவ்வளவு எளிதில் பிய்யாது. கெளுத்திக் குஞ்சுகள் கொத்தும் இடத்தில் அதுதான் கைகொடுக்கும். சூடை வாசனைக்கு நல்லது, ஆனால் எறிகிற வேகத்திலேயே முள்ளிலிருந்து கழன்றுவிடும். முந்தைய இரவே துண்டு போட்டுக் கல்லுப்பில் புரட்டி வையுங்கள். உப்பு நீரை இழுத்துவிடுவதால் சதை இறுகும், முள்ளில் நிற்கும். வாலிநோக்கத்துக் கல்லுப்பு வீட்டில் இருக்கும்போது கடையில் விற்கும் பதப்படுத்திய இரை எதற்கு?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரைத் தூண்டிலை அது தடுக்காது, ஆனால் இறால் கிடைப்பது குறையும். அதற்கு முன்பே கொஞ்சம் வாங்கி உறையவைத்துவிடுங்கள்.

9. எறிவது, கடி பார்ப்பது, இழுப்பது

எறிவதற்கு முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும். அரியமானில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எறியவே வேண்டாம், குழந்தைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

ஈயம் தண்ணீரைத் தொட்டதும் ரீலின் கம்பி வளையத்தைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடாதீர்கள். மூடியபின் நரம்பை ஒரு இழு இழுத்துத் தளர்வை எடுத்தால் சிக்கில் பாதி வராது.

தூரம் எறிவதுதான் திறமை என்று நினைப்பது அடுத்த தவறு. மணற்கரையில் அலை உடைகிற வரிக்குப் பின்னால் ஒரு பள்ளம் ஓடும். தண்ணீரின் நிறம் அங்கே சற்று அடர்ந்திருக்கும். கிழங்கான் மேய்வது அந்தப் பள்ளத்தில்தான். அதைத் தாண்டி எறிந்து, ஈயம் மணலைக் கீறிக்கொண்டு வரும்படி மெதுவாக இழுத்துப் பள்ளத்தில் நிறுத்துங்கள்.

நரம்பை ஆள்காட்டி விரலில் தாங்கிப் பிடியுங்கள். அலை இழுத்தால் நரம்பு மெதுவாக இறுகி மெதுவாகத் தளரும். கிழங்கான் கடித்தால் டக், டக்கென்று இரண்டு சுண்டு சுண்டும். முதல் சுண்டுக்கு ராடைத் தூக்காதீர்கள், அது சுவை பார்ப்பது. இரண்டாவதற்கு மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்கினால் போதும். வட்ட முள் (முனை உள்நோக்கி வளைந்தது) போட்டிருந்தால் தூக்கவே வேண்டாம். சுற்ற ஆரம்பித்தால் தானே வாயோரம் ஏறும். வெட்டி இழுத்தால்தான் அது கழன்று வரும்.

டிராக்கை வீட்டிலேயே சரிசெய்துகொண்டு போங்கள். நரம்பின் தாங்கு வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 20 பவுண்டு என்றால் ஏறக்குறைய 9 கிலோ. 3 கிலோ இழுப்பில் ரீல் நரம்பை விட வேண்டும். கைத்தராசுக் கொக்கியில் கட்டி இழுத்துப் பார்க்கலாம். மீன் ஓடும்போது பதறி டிராக்கைத் திருகுவதால் அறுந்தவைதான் அதிகம். ஓடினால் ஓடட்டும், நின்றதும் சுற்றுங்கள்.

10. கையால் தொடக்கூடாதவை

கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கமும் முள், விஷம் உண்டு. ஓராவின் முதுகு முள்ளும் அப்படித்தான். துண்டால் பிடித்து, பிளேயரால் தூண்டில் முள்ளை எடுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கையை வையுங்கள். அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். பிறகு மருத்துவரிடம் போங்கள், மீன் முள் உள்ளே உடைந்து தங்கியிருக்கலாம். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

பேத்தை (உப்பி உருண்டையாகும் மீன்) மாட்டினால் நரம்பை அறுத்தாவது கடலில் விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் வருபவை. படம் எடுக்கக் கையில் தூக்குவதும் வம்புதான்.

11. படகு கடைசியில்

கரையில் கை பழகியபின் படகு. மீன்பிடிப் படகு மீன்பிடித் தொழிலுக்காகப் பதிவானது. ஆள் ஏற்றும் அனுமதி வேறு. அனுமதியுள்ள படகா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள், ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். கரையோரக் காவல் அதிகமுள்ள மாவட்டம் இது. பல ஊர்களில் வெள்ளியோ ஞாயிறோ படகு இறங்காது; முன்கூட்டியே கேளுங்கள்.

ஏறும் முன் படகோட்டியிடம் கேட்க வேண்டியவை: எல்லோருக்கும் உயிர்காக்கும் மிதவை உடுப்பு இருக்கிறதா, மோட்டார் நின்றால் என்ன வழி, நங்கூரக் கயிறு எவ்வளவு. கயிறு ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும், காற்று இருந்தால் ஐந்து மடங்கு. குட்டைக் கயிறு நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், அது தரையைப் பற்றாது. பவளப்பாரில் நங்கூரம் போட விடாதீர்கள். பக்கத்து மணலில் போட்டு, கயிறு விட்டுப் பாரின் ஓரத்துக்கு வாருங்கள்.

மோட்டார் கேள்வியைச் சம்பிரதாயத்துக்குக் கேட்காதீர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இலங்கையோடு எல்லைக்கோடு பாக் நீரிணைப் பக்கம் 1974-லும், மன்னார் வளைகுடாப் பக்கம் 1976-லும் வரையப்பட்டது. தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் நின்ற படகைக் காற்று எல்லைக்கோட்டை நோக்கியே தள்ளினால், பொழுதுபோக்குக்கு வந்தவர் என்று சொல்லித் தப்ப முடியாது. ஜிபிஎஸ் உள்ள படகில், கரை தெரிகிற தூரத்தில் இருங்கள். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலுக்கு 1093. இரண்டையும் போனில் பதிந்து, போனைத் தண்ணீர் புகாத உறையில் வையுங்கள்.

படகில் தூண்டில் கரையைவிட எளிது. நேர் கீழே விட்டு, ஈயம் தரை தட்டியதும் இரண்டு சுற்று மேலே எடுத்து நிறுத்துவது. விளமீன் தரையை ஒட்டியே இருக்கும், ஆனால் ஈயம் தரையில் கிடந்தால் முள் கல்லில் ஏறும். கலவா கடித்த கணத்தில் மட்டும் தாமதம் கூடாது. உடனே நாலு சுற்று மேலே தூக்கிவிடுங்கள். பொந்துக்குள் போய்விட்டால் செவுளை விரித்துக்கொண்டு கல்லோடு கல்லாக நின்றுவிடும்.

12. அன்றைக்கே கழுவுங்கள்

நாளை கழுவலாம் என்று வைத்த ரீல்தான் அடுத்த மாதம் இறுகிப்போய்க் கடைக்கு வருகிறது. நம் பக்கம் நல்ல தண்ணீருக்கு இருக்கிற தட்டுப்பாட்டில் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை, அப்படிச் செய்யவும் கூடாது. பீய்ச்சும் தண்ணீர் உப்பை உள்ளே தள்ளும். டிராக்கை முழுதாக இறுக்கி, ஒரு சொம்பு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் துணியால் துடையுங்கள். இறுக்குவது எதற்கென்றால், டிராக் தட்டுகளுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க. காய்ந்ததும் டிராக்கை முழுதாகத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் தட்டுகள் அழுந்தி, அடுத்த முறை விட்டு விட்டு இழுக்கும். ராடின் வளையங்களையும் அதே ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

நனைந்த முள்ளைப் புதிய முட்களோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், ஒன்றின் உப்பில் எல்லாம் துருப்பிடிக்கும். அறுந்த நரம்புத் துண்டுகளைக் கரையில் விடாமல் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மறுநாள் காலை பாசி எடுக்க அதே இடத்தில் பெண்கள் இறங்குவார்கள்.